120 ரூபாய் மூலதனம்: கோட்டயத்து எழுத்தாளர் சங்கமும் ஏலப்பாறை மலையும்

1945இல் கோட்டயத்தில் 12 எழுத்தாளர்கள் கூடினார்கள். ஆளுக்குப் பத்து ரூபாய்க் கணக்கில் 120 ரூபாய் சேர்ந்தது. அதை மூலதனமாக வைத்து, எழுதுகிறவர்களே பங்குதாரர்களாகவும் நிர்வாகிகளாகவும் இருக்கும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தார்கள். சாகித்திய பிரவர்த்தக சககரண சங்கம் என்பது அதன் பெயர். மலையாள வாசகர்கள் ‘எஸ்.பி.சி.எஸ்.’ என்று சுருக்கியே சொல்வார்கள். பால் சங்கம், நெசவாளர் சங்கம் என்று கூட்டுறவு பரவிவந்த காலம் அது. கதையும் கவிதையும் எழுதுகிறவர்கள் அதே சட்டத்தின் கீழ் ஒன்றுகூடி, தங்கள் புத்தகங்களைத் தாங்களே அச்சிட்டுத் தாங்களே விற்கலாம் என்று துணிந்தது இந்திய மொழிகளுக்குப் புதிது.

அந்தச் சங்கத்தின் கதை தமிழர்களுக்கும் நெருக்கமானது. கோட்டயத்திலிருந்து கிழக்கே புறப்படும் சாலை பாம்பாடி, பொன்குன்னம், காஞ்ஞிரப்பள்ளி, முண்டக்கயம் கடந்து மலையேறுகிறது. குட்டிக்கானத்தில் பிரதான சாலை பீர்மேடு, வண்டிப்பெரியாறு வழியாகக் குமுளிக்குப் போகிறது. கிளைச் சாலை ஒன்று ஏலப்பாறைக்குத் திரும்புகிறது. ஏலப்பாறையைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள்; தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள். 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டம் உருவாகும்வரை பீர்மேடு தாலுகா முழுவதும் கோட்டயம் மாவட்டத்தில்தான் இருந்தது. எழுத்தாளர் சங்கம் தன் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் ஏலப்பாறையின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழ்ந்து கொழுந்து எடுத்தவர்களும் சங்கத்தின் அலுவலகத்தில் புத்தகக் கட்டுகளை அடுக்கியவர்களும் ஒரே மாவட்டத்துக்காரர்கள்.

கோட்டயம் சும்மா புத்தக நகரமாகிவிடவில்லை. 1821இலேயே பெஞ்சமின் பெய்லி என்ற மிஷனரி அங்கே சி.எம்.எஸ். அச்சகத்தை நிறுவினார். மலையாள எழுத்துருக்களை வார்த்தெடுக்கும் வேலையையும் அவரே செய்தார். 1888இல் மலையாள மனோரமா நிறுவனம் அதே ஊரில் பிறந்தது. அச்சுக்கூடமும் பத்திரிகையும் பள்ளிக்கூடமும் வாசகரும் இருந்த ஊர்தான். ஆனால் எழுதியவரின் வீட்டு உலையில் மட்டும் அரிசி இல்லை. பதிப்பாளர் ஒரு தொகையைக் கொடுத்துக் கையெழுத்துப் பிரதியை வாங்கிக்கொள்வார். பிறகு எத்தனை பதிப்பு போனாலும் எழுதியவருக்குத் தொடர்பு இராது. வைக்கம் முகம்மது பஷீர் தன் புத்தகங்களைத் தானே சுமந்து வீடு வீடாக, அலுவலகம் அலுவலகமாக ஏறி விற்றார். எர்ணாகுளத்தில் சொந்தப் புத்தகக் கடையும் நடத்திப் பார்த்தார். இன்று கேரளம் கொண்டாடும் பஷீரின் அன்றைய நிலை அது.

சங்கத்தின் முதல் தலைவர் எம்.பி. பால். 1904இல் பிறந்த திறனாய்வாளர். நாவல், சிறுகதை ஆகிய வடிவங்களைப் பற்றி மலையாளத்தில் முதலில் முறையாக எழுதியவர்களில் ஒருவர். 1944இல் வந்த பஷீரின் ‘பால்யகாலசகி’க்கு அவர் எழுதிய முன்னுரை நாவலுக்கு இணையாகப் பேசப்பட்டது. கல்லூரி ஆசிரியராக இருந்த பால், நிர்வாகத்தோடு ஒத்துப்போக முடியாமல் வெளியேறித் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தி வாழ்ந்தார். முற்போக்கு இலக்கிய இயக்கத்தின் முன்வரிசையில் நின்றார். திருச்சபையோடும் மோதல் முற்றியது. 1952இல், 48 வயதில், திருவனந்தபுரத்தில் இறந்தபோது மற்றவர்களோடு சேர்த்துப் புதைக்காமல், ‘தெம்மாடிக்குழி’ என்று அழைக்கப்பட்ட ஒதுக்குப்புறத்தில் அவரைப் புதைத்தார்கள். சங்கம் கண்ட ஏழே ஆண்டுகளில் தலைவர் போய்விட்டார். சங்கம் நின்றது.

அது நின்றதற்கு முதல் காரணம் செயலாளர் காரூர் நீலகண்ட பிள்ளை. ஏற்றுமானூர்க்காரர்; தொடக்கப் பள்ளி வாத்தியார். அன்றைய திருவிதாங்கூரில் வாத்தியார் சம்பளம் அரை வயிற்றுக்குத்தான் காணும். ஆசிரியர்களுக்குச் சங்கம் கட்டியதற்காக வேலையை இழந்த அனுபவமும் அவருக்கு உண்டு. பசி தாங்காமல் மாணவனின் சோற்றுப் பொதியை எடுத்துத் தின்றுவிடும் ஆசிரியரைப் பற்றிய ‘பொதிச்சோறு’ அவருடைய புகழ்பெற்ற கதை. அந்தப் பசியை அறிந்தவர் கையில் எழுத்தாளர்களின் கணக்குப் புத்தகம் வந்து சேர்ந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் அந்தப் பொறுப்பைச் சுமந்தார். சங்கம் முதலில் வெளியிட்ட புத்தகம் தகழி சிவசங்கர பிள்ளையின் கதைத் தொகுதி.

புத்தகத்தை அச்சிடுவது பாதி வேலைதான். விற்பதுதான் முழு வேலை. அதைத் தோளில் ஏற்றுக்கொண்டவர் டி.சி. கிழக்கேமுறி. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர், முன்னாள் ஆசிரியர், பத்திரிகைப் பத்தி எழுத்தாளர். கோட்டயத்தில் தொடங்கிய நேஷனல் புக் ஸ்டால் என்ற கடை, 1940களின் இறுதியில் சங்கத்தின் விற்பனைக் கரமாக மாறியது. கேரளத்தின் மற்ற நகரங்களிலும் கிளைகள் திறந்தார்கள். ‘என்.பி.எஸ்.’ என்ற மூன்றெழுத்து ஒரு தலைமுறைக்குப் புத்தகத்தின் மறுபெயராகவே ஆனது.

சங்கம் இயங்கிய முறை எளிமையானது. எழுத்தாளர் உறுப்பினராகச் சேர்ந்து பங்கு எடுப்பார். அவர் தரும் பிரதியைச் சங்கம் பரிசீலித்து அச்சிடும். தன் கடைகள் மூலம் விற்கும். விற்ற கணக்கைக் காட்டி உரிமைத் தொகை கொடுக்கும். அந்தத் தொகை புத்தக விலையில் 30 விழுக்காடு. தனியார் பதிப்பகங்கள் பத்து, பதினைந்து என்று கொடுத்துவந்த உலகில் இது எழுத்தாளர்களுக்குப் பேரதிர்ச்சி. ஆண்டுக் கூட்டத்தில் பெரிய நாவலாசிரியருக்கும் ஒரு வாக்கு, நேற்று முதல் புத்தகம் போட்ட கவிஞருக்கும் ஒரு வாக்கு. கணக்குக் கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு. சங்கத்தின் தலைமைப் பொறுப்பிலும் எழுத்தாளர்களே மாறி மாறி உட்கார்ந்தார்கள்.

சங்கத்தால் எழுத்தாளர்களிடையே உறவும் வளர்ந்தது. கோட்டயம் அலுவலகத்துக்கு உரிமைத் தொகை வாங்க வருகிறவர் அங்கே இன்னொரு எழுத்தாளரைப் பார்ப்பார். பிரதியைக் கொடுக்க வந்த இளைஞர் மூத்தவரின் பேச்சைக் கேட்டுவிட்டுப் போவார். திருவிதாங்கூர் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயரின் ஆட்சியில் தன் கதைகளுக்காகவே சிறை சென்ற பொன்குன்னம் வர்க்கி, அதே மலைச்சாலையில் உள்ள பாம்பாடியில் வாழ்ந்தவர். ஆலப்புழைப் பக்கத்து தகழி, வைக்கத்துப் பஷீர், ஏற்றுமானூர் காரூர் ஆகிய எல்லோருக்கும் கோட்டயம் எட்டும் தூரம். ஊரூராகச் சிதறிக் கிடந்தவர்களுக்குச் சங்கம் ஒரு முகவரியைத் தந்தது.

1956இல் அந்த முகவரியிலிருந்து ‘செம்மீன்’ வந்தது. தகழி கோட்டயத்தில் ஒரு விடுதியில் தங்கி, சில நாட்களிலேயே எழுதி முடித்த நாவல் அது. அடுத்த ஆண்டே சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 1962இல் நாராயண மேனனின் ஆங்கில மொழிபெயர்ப்பு யுனெஸ்கோ வரிசையில் வந்தது. 1965இல் ராமு காரியாத் எடுத்த படம் குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. தமிழில் மொழிபெயர்த்தவர் சுந்தர ராமசாமி. அவருடைய சிறுவயது கழிந்ததும் கோட்டயத்தில்தான்; 1930களின் அந்தக் கோட்டயத்தையே பின்னாளில் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ என்று நாவலாக்கினார். ஒரு கூட்டுறவுச் சங்கம் அச்சிட்ட புத்தகம், அந்தச் சங்கத்தின் ஊரில் வளர்ந்த தமிழ்ப் பையனின் கையால் தமிழுக்கு வந்து சேர்ந்தது.

எழுத்தாளர் சங்கம் மட்டும் தனித்து இதைச் சாதிக்கவில்லை. அதே 1945இல், செப்டம்பர் 14 அன்று, அம்பலப்புழையில் 47 நூலகங்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். கூட்டியவர் நீலம்பேரூரைச் சேர்ந்த பி.என். பணிக்கர் என்ற பள்ளி ஆசிரியர். திருவிதாங்கூர் கிரந்தசாலா சங்கம் அன்று பிறந்தது. கிராமம் கிராமமாக நடந்து, படிப்பகம் திறக்கச் சொல்லி, இருக்கும் படிப்பகத்தைச் சங்கத்தில் இணைத்து, அரசிடம் மானியம் வாங்கித் தந்து, பணிக்கர் தன் வாழ்நாளைச் செலவிட்டார். 1956இல் மாநிலம் உருவானதும் அது கேரள கிரந்தசாலா சங்கம் ஆனது. 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்காயா விருதைப் பெற்றது. 1989இல் சட்டம் இயற்றி மாநில நூலகக் கவுன்சிலை அரசு அமைத்தது; கட்டட வரியோடு நூலக வரியும் வசூலாகி நூலகங்களுக்குப் போகிறது. பணிக்கர் மறைந்த ஜூன் 19ஐ வாசிப்பு நாளாகக் கேரளப் பள்ளிகள் கொண்டாடுகின்றன.

ஒரு சங்கம் புத்தகத்தை உண்டாக்கியது. மற்றொன்று அதை வாங்கி வைத்தது. பதிப்பித்த நூல் நூற்றுக்கணக்கான கிராமப் படிப்பகங்களுக்குப் போகும் என்று உறுதியாகத் தெரிந்தால்தான் 30 விழுக்காடு கொடுக்க முடியும். படிப்பகத்துக்கு மானியமும் நல்ல புத்தகமும் கிடைத்தால்தான் பீடி சுற்றும் தொழிலாளியும் கயிறு திரிக்கும் பெண்ணும் அங்கே வருவார்கள். கோட்டயமும் அம்பலப்புழையும் ஒரே ஆண்டில் தொடங்கிய இரண்டு வேலைகள் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. மலையாள இலக்கியத்தின் பொற்காலம் என்று சொல்லப்படும் ஐம்பதுகள், அறுபதுகளுக்குத் திறமை மட்டுமே காரணம் என்று சொல்வது அந்த உழைப்பை மறப்பதாகும்.

தமிழ் எழுத்தாளர்களுக்கு அந்த ஆசை இல்லாமல் இல்லை. பாரதி 1920இல், கடையத்தில் இருந்த நாட்களில், தன் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றும் 10,000 படிகளாக அச்சிடப் பெரிய திட்டம் தீட்டினார்; நண்பர்களிடம் கடனாக மூலதனம் கேட்டுக் கடிதம் எழுதினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரும் இல்லை. 1948இல் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தார், 42 வயது. இறந்த இடம் திருவனந்தபுரம். எழுத்தாளனுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சங்கம் அதே திருவிதாங்கூர் எல்லைக்குள் மூன்று வயதுக் குழந்தையாக நடை பழகிக்கொண்டிருந்தது. தமிழின் மாபெரும் கதைக்காரரின் குடும்பத்துக்காகக் கல்கி பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. சென்னையிலும் பிறகு தமிழ் எழுத்தாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சில நூல்களையும் வெளியிட்டது. கோட்டயம் போல அது வேர் பிடிக்கவில்லை.

இனி மலைமேல் ஏற வேண்டும்.

பீர்மேட்டுக் காடுகளை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளைக்காரத் துரைகள் காப்பிக்காக அழித்தார்கள். இலைத் துரு நோய் காப்பியைத் தின்றது. இடத்தைத் தேயிலை பிடித்தது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்தும் கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். முன்பணமே கடனானது, கடனே பிணையானது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களம், பகலெல்லாம் கொழுந்து, மாலையில் எடை, இரவில் லயத்தின் ஒற்றை அறை என்று வாழ்க்கை ஓடியது. 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த பிறகுதான் குழந்தைகளுக்குப் பள்ளி, காப்பகம், வீடு, மருத்துவம் ஆகியவை நிர்வாகத்தின் கடமை என்று எழுத்தில் ஏறின. 1954இல் தேவிகுளம், பீர்மேட்டைத் தமிழகத்தோடு சேர்க்கக் கோரி நேசமணி முதலான தலைவர்கள் மூணாறில் கைதானார்கள். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இரண்டு தாலுகாக்களும் கேரளத்தில் நின்றன. தமிழ் பேசும் தொழிலாளி, மலையாளத்தில் இயங்கும் அரசின் குடிமகனானார்.

மலைக்காரர்களிடம் கதைக்குப் பஞ்சமில்லை. கங்காணியை வைத்துப் பாடிய பாட்டு, அட்டைக்கடியும் குளிர்க்காய்ச்சலும், ஊருக்குத் திரும்பும் நாளை எண்ணிக் கிடந்த கிழவர்கள், ஊர் என்றால் எதுவென்றே தெரியாமல் மலையிலேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகள் என்று சொல்ல எத்தனையோ இருந்தன. அவற்றை எழுத்தாக்கியவர்கள் பெரும்பாலும் வேறு ஊர்களிலிருந்து அச்சேறினார்கள். மூணாறு மலைத் தோட்டங்களை இளமையில் பார்த்து வளர்ந்த டி. செல்வராஜ் அந்த வாழ்க்கையைத் ‘தேநீர்’ நாவலாக்கினார். அவரைத் தாங்கியது மலையிலுள்ள அமைப்பல்ல. இடதுசாரி இலக்கிய இயக்கம். 1975இல் மதுரையில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவானபோது அதைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர். பின்னாளில் திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய ‘தோல்’ நாவலுக்காக 2012இன் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் தான் கண்டதை 1969இல் ஆங்கில நாவலாக வெளியிட்டார். அது இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழுக்கு வர 2007 ஆனது. மலையில் நடந்தது மலைக்காரர்களின் மொழிக்கு வந்து சேர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள்!

கடல் தாண்டிய இன்னொரு தேயிலை மலையில் நிலைமை வேறாக இருந்தது. இலங்கை மலையகத் தமிழர் 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்கள். ஏலப்பாறைத் தொழிலாளியைவிட மோசமான நிலையில் நிறுத்தப்பட்டவர்கள். ஆனாலும் அங்கே எழுத்தாளர்கள் அமைப்பாகச் சேர்ந்தார்கள். மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர்; லயன்களில் பாடப்பட்ட பாட்டுகளைத் தேடித் திரட்டி ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று நூலாக்கினார். 1960களில் மலைநாட்டு எழுத்தாளர் மன்றம் எழுந்தது. மன்றமும் ‘வீரகேசரி’ நாளிதழும் சேர்ந்து சிறுகதைப் போட்டிகள் நடத்தின. பரிசு பெற்ற கதைகள் 1971இல் ‘கதைக்கனிகள்’ என்ற தொகுப்பாக வந்தன. தோட்டத்துப் பள்ளி ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் முதன்முறையாக ஒரே அட்டைக்குள் சேர்ந்து நின்றார்கள். அந்தத் தலைமுறையின் தெளிவத்தை ஜோசப் 1974இல் ‘காலங்கள் சாவதில்லை’ நாவலைத் தந்தார். மலையக இலக்கிய வரலாற்றை எழுதுவதையும் தன் கடமையாக எடுத்துக்கொண்டார். 2013இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடிச் சென்றது. ஒரு மன்றம், ஒரு நாளிதழ், சில போட்டிகள் என்று சிறிய அளவில் தொடங்கியதே ஒரு மக்கள் கூட்டத்தின் இலக்கியத்துக்கு அடித்தளமானது.

கோட்டயத்துச் சங்கத்துக்கும் தளர்ச்சி வந்தது. 1974இல் டி.சி. கிழக்கேமுறி வெளியேறி டி.சி. புக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். விற்பனையின் சூட்சுமம் அறிந்த கை போனதும் போட்டி கூடியது. எழுத்தாளர்கள் ஒவ்வொருவராகத் தனியார் பதிப்பகங்களுக்கு நகர்ந்தார்கள். ஆயினும் சங்கம் மூடப்படவில்லை. இன்றும் நூல்கள் வெளியிடுகிறது. 2024 நவம்பரில் கோட்டயத்தை அடுத்த நாட்டகத்தில் எழுத்துக்கும் மொழிக்குமான அட்சர அருங்காட்சியகம் அந்தச் சங்கத்தின் பொறுப்பில் திறக்கப்பட்டது. சங்கம் கற்றுக்கொடுத்த பழக்கம் அதைவிடப் பெரியது. கணக்குக் காட்டி உரிமைத் தொகை கொடுப்பது என்ற நடைமுறையை மலையாளப் பதிப்புலகில் எவராலும் எளிதில் மீற முடியாதபடி செய்துவிட்டது.

ஏலப்பாறை இன்று பழைய ஏலப்பாறை அல்ல. 2000ஆம் ஆண்டு தொட்டு பீர்மேடு தாலுகாவில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. பல குடும்பங்கள் கூலியும் பணிக்கொடையும் பாக்கி நிற்க, ஒழுகும் லயங்களிலேயே ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. இளைஞர்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் எர்ணாகுளத்துக்கும் இறங்கினார்கள். பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். பாட்டிகளின் பேச்சு தமிழில் இருக்கிறது. 2015இல் மூணாறில் ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்ற பெயரில் தேயிலைப் பெண்கள் நடத்திய வேலைநிறுத்தத்தை உலகமே செய்தியாக வாசித்தது. அந்தப் பெண்கள் தங்கள் வாயால் சொன்ன கதைகளைத் தமிழ்ப் புத்தகங்களாக நூலக அடுக்குகளில் நிறைக்கும் வேலை பாக்கி இருக்கிறது.

அதற்கான கருவிகள் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. கேரளத்தின் நூலக வரியை ஏலப்பாறைக்காரர்களும் கட்டுகிறார்கள். மலை நூலகங்களுக்கு வாங்கும் புத்தகங்களில் தமிழுக்கு உரிய பங்கைக் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மாவட்டம்தோறும் நூலகக் கவுன்சில் நடத்தும் புத்தகத் திருவிழாக்களில் தமிழ்ப் பதிப்பகங்கள் கடை போடலாம். தேனி மாவட்டத்து இலக்கிய அமைப்புகளுக்கும் பீர்மேட்டுக்கும் இடையே ஒரே ஒரு மலைச்சாலைதான் தூரம். அவை ஆண்டுக்கொருமுறை மலைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சிறுகதைப் போட்டி நடத்தி, தேர்ந்த கதைகளைத் தொகுக்கலாம். மலையாளத்தில் எழுதும் தமிழ்ப் பிள்ளைகளையும் அதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மொழியிலும் புழங்குவது அவர்களின் பலம்.

எல்லாவற்றுக்கும் முதலில் பத்துப் பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய வேண்டும். கோட்டயத்துக்காரர்கள் 12 பேராகத்தான் தொடங்கினார்கள். ஏலப்பாறை, வண்டிப்பெரியாறு, மூணாறு, வால்பாறை என்று எந்த மலையில் உங்கள் தாத்தாவும் பாட்டியும் பிரட்டுக்களத்தில் நின்றிருந்தாலும், அவர்கள் சொன்னதை இந்த ஆண்டே எழுதத் தொடங்குங்கள். எழுதியவற்றைச் சேர்த்துவைக்கவும் அச்சேற்றவும் ஒரு சங்கத்தையும் சேர்ந்தே கட்டுங்கள்.